மணி கட்டிய கயிறு

இசைப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு மூக்கு. மூக்குக்கு ஏறிவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதனால் ஏழாம் வகுப்பில் அவளுக்கு ‘பாய்லர்’ என்று பெயர். அனல் மின் நிலையத்து ஊரில் பிறந்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று அவள் அப்பாவே சிரித்திருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுடைய இரண்டு காதும் சூடாகிவிட்டன. காரணம் ரெஜின்.

மறுநாள் பள்ளியில் கண்காட்சி. ஏழாம் வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு ‘உலகம் அறிந்த ஒரு தொழிற்சாலை’. மற்றவர்கள் யோசிப்பதற்குள் ரெஜின் கையைத் தூக்கி, “டொயோட்டா, டீச்சர்” என்று சொல்லிவிட்டான். பிரபாவதி டீச்சரும் சரி என்றதோடு, அவனையே தலைவனாகவும் ஆக்கிவிட்டார்.

ரெஜினுக்கு டொயோட்டா என்றால் உயிர். அவன் மாமா இன்னோவா வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். அதற்கு முன்னால் குவாலிஸ் ஓட்டினார். வேளாங்கண்ணிக்குப் போனாலும் மேல்பட்டாம்பாக்கத்தில் கல்யாணம் என்றாலும் அவன் குடும்பம் முழுக்க அந்த வண்டியில்தான் ஏறும். பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம், முதுகு வலிக்காது, நடுவழியில் காலை வாராது என்று அவன் சொல்லிச் சொல்லி, வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வண்டியின் சீட்டு நிறம்கூடத் தெரியும்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ரெஜின் எழுதி ஒட்டிய சார்ட் நன்றாகவே இருந்தது.

டொயோட்டாவின் கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்கியது. ஜப்பானில் ஒரு தச்சரின் மகன் சாகிச்சி. தறியில் அம்மா படும் பாட்டைப் பார்த்து, நெய்கிறவர்களுக்கு வேலை எளிதாகும்படி மரத்தறி ஒன்றைச் செய்தார். பிறகு தானே ஓடும் தறிகளையும் செய்தார். அவற்றில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே ஒரு நூல் அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் அறுந்த நூலோடு துணி முழுக்க வீணாகிவிடும் அல்லவா? அவர் மகன் கீச்சிரோவுக்குக் கார் மேல் ஆசை. அப்படித்தான் தறி செய்த வீட்டிலிருந்து கார் வந்தது.

கார்த் தொழிற்சாலையிலும் அந்தத் தறியின் குணம் போகவில்லை. வேலை நடக்கும் வரிசை நெடுகக் கயிறு கட்டினார்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். கோளாறு சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். அப்போது ‘யார் செய்தது?’ என்று கேட்கக்கூடாது. ‘ஏன் நடந்தது?’ என்று கேட்க வேண்டும். ஒரு முறை அல்ல, ஐந்து முறை.

இந்த இடம் இசைப்பிரியாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். அங்கே நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் ஓரமாகவும் ஒரு கயிறு போகும். ஆபத்து என்றால் இழுக்க வேண்டியது. ஆனால் ஒரு திருகாணி சரியில்லை என்பதற்கே கயிற்றை இழுக்கலாம் என்பது அவளுக்குப் புதிய செய்தி.

ரெஜினும் வகுப்பில் ஒரு கயிறு கட்டினான். ஜன்னல் கம்பியிலிருந்து கதவு வரை நீலக் கயிறு. நுனியில் ஒரு பித்தளை மணி. அதன் கீழே பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, சோப்பு டப்பாக்களில் கார் செய்ய ஆரம்பித்தார்கள். மறுநாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கார் வாங்கிப் போவார்கள். அந்த வாண்டுகள் காலையிலேயே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, யாருக்கு எந்த நிறம் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

டப்பாவின் இரண்டு பக்கமும் துளை போடுவது ஷைனி. துளையில் துடைப்பக் குச்சியைச் செருகி, பாட்டில் மூடிகளைச் சக்கரமாக மாட்டுவது கார்முகில். பளபளப்புத் தாளில் வெட்டிய முன்கண்ணாடியை ஒட்டுவது இசைப்பிரியா. கடைசியில் ரெஜின் ஒவ்வொரு காரையும் தரையில் ஓட்டிப் பார்ப்பான்.

தொல்லை அங்கேதான் வந்தது. கார் நேராக ஓடவில்லை. செக்குமாடு மாதிரி வட்டம் அடித்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு சக்கரம் கழன்று பெஞ்சுக்கு அடியில் உருண்டது. அடுத்த காரும் அப்படியே.

கார்முகில் அதிகம் பேசாத பையன். குச்சி கோணலாகப் போகிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “குச்சி கோணல் இல்ல, உன் கைதான் கோணல்” என்றான் ரெஜின். நாலு பேர் சிரித்தார்கள். கார்முகில் மேலே தொங்கிய கயிற்றை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகக் குச்சிகளைச் செருகினான். வேகம் கூடியதும் இன்னும் நிறையச் சக்கரங்கள் கழன்றன.

கடைசிப் பீரியடில் ரெஜின் வெடித்துவிட்டான்.

“போதும் எழுந்திரு. நீ பெர்மனென்ட் ஆளு இல்ல, கான்ட்ராக்ட்டுதான். நாளைக்கு நீ வர வேணாம். வேற ஆள வெச்சிக்கிறேன்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் பாதிப் பேருடைய அப்பா கான்ட்ராக்ட். ‘நாளைக்கு வர வேணாம்’ என்ற சொல் வீட்டுக்கு எப்போது வரும், வந்தால் அம்மாவின் முகம் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கார்முகில் கையிலிருந்த மூடிகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான்.

இசைப்பிரியாவின் கோபம் காதைத் தாண்டி, மூக்கையும் தாண்டியது. ஆனால் அதிசயமாக வாய் திறக்கவில்லை. கைதான் மேலே போனது. பெஞ்சின் மேல் ஏறி நின்று, நீலக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மணி பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டது. எல்லாக் கைகளும் நின்றன.

“ஏய், அது சும்மா காட்டறதுக்குக் கட்டனது” என்றான் ரெஜின். “யாரு உன்ன இழுக்கச் சொன்னது?”

“உன் சார்ட்டுதான் சொல்லுது. யார் வேணா இழுக்கலாம்னு நீதான எழுதி வெச்சிகினு இருக்கற? எழுதறது ஒண்ணு, செய்யறது ஒண்ணா?”

வராந்தாவில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த பிரபாவதி டீச்சர் வேகமாக உள்ளே வந்தார். அவர் முகத்திலும் கோபம். யார் மணி அடித்தது என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். இசைப்பிரியா சுவரைக் காட்டினாள். ‘யார் செய்தது என்று கேட்கக்கூடாது’ என்று அங்கே சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்த வரியில் இருந்த எழுத்துப் பிழையைக் காலையில் திருத்தியவரே டீச்சர்தான். வந்த கோபத்தைப் பாதி விழுங்கிக்கொண்டு, பஸ் வருவதற்குள் இதை முடிக்கும்படி சொல்லிவிட்டு ஓரமாக நின்றார்.

இசைப்பிரியா கயிற்றை விடவில்லை. மறுகையில் ஒரு சக்கரமில்லாத காரை எடுத்துக்கொண்டாள்.

“சரி. ஏன் சக்கரம் கழலுது?” என்று கார்முகிலைக் கேட்டாள்.

அவன் ரெஜினைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். “குச்சி கோணலா போவுது. மூடி டப்பாவுல உரசிகினே சுத்துது. அதான் கழண்டுடுது.”

“ஏன் கோணலா போவுது?”

“இந்தப் பக்கத் துளையும் அந்தப் பக்கத் துளையும் நேருக்கு நேர் இல்ல.”

“ஏன் நேரா இல்ல?” என்றாள் இசைப்பிரியா. எல்லோரும் ஷைனியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷைனிக்கு அழுகை வரும்போல் இருந்தது. நான் இஷ்டத்துக்குக் குத்தவில்லை, ரெஜின் கொடுத்த அட்டையை வைத்துத்தான் குத்துகிறேன் என்றாள். துளை எங்கே வர வேண்டும் என்று காட்டும் அட்டை அது. கார் வடிவத்தில் வெட்டி, முன் சக்கரத்துக்கு ஒரு ஓட்டை, பின் சக்கரத்துக்கு ஒரு ஓட்டை போட்டிருந்தான் ரெஜின். முன் ஓட்டை காரின் மூக்கை ஒட்டி இருந்தது. பின் ஓட்டை வாலிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தது. நடுவில் தங்க நிறத்தில் பெரிதாக ‘டொயோட்டா’ என்று எழுதியிருந்தான்.

ஷைனி செய்து காட்டினாள். டப்பாவின் இடது பக்கம் அட்டையை வைத்தாள். மூக்குக்கு நேராக மூக்கு இருந்தது. டப்பாவைத் திருப்பி வலது பக்கம் அதே அட்டையை அதேபோல் வைத்தாள். இப்போது அட்டையின் மூக்கு காரின் வாலில் இருந்தது.

இசைப்பிரியா குனிந்து அட்டையைக் குப்புறப் புரட்டிப் போட்டாள். மூக்கும் மூக்கும் பொருந்தின. ஓட்டைகளும் பொருந்தின.

“இந்தப் பக்கத்துக்கு அட்டைய ஏன் புரட்டிப் போடல?” இது நாலாவது ஏன்.

ஷைனி தயங்கினாள். “ரெஜின்தான் வேணாம்னான். பேரு குப்புறப் படக்கூடாதாம்.”

ஐந்தாவது ‘ஏன்’ ரெஜினிடம்தான் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்க மை வாங்க அவன் பஜார் வரை சைக்கிளில் போய் வந்திருந்தான். அவ்வளவு அழகாக எழுதிய பெயரை யாராவது தலைகீழாகக் கவிழ்ப்பார்களா?

“டொயோட்டான்னா எனக்கு அவ்ளோ பிடிக்கும்” என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “அதான்.”

இசைப்பிரியாவுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் தீரவில்லை. கோளாறு கண்டுபிடித்தாயிற்று. சொன்ன சொல் இன்னும் அப்படியே கிடக்கிறதே.

“துளை சரியாயிடும். நீ அவன எழுந்திருன்னு சொன்னியே, அத முதல்ல சரி பண்ணு. அது வரைக்கும் நான் கயித்த வுட மாட்டேன்.”

பஸ் வந்துவிடும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். வந்தால் வரட்டும், இங்கேயே நின்றுகொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ரெஜின் டீச்சரைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், பிறகு மேலே பார்த்து “சாரி” என்றான்.

“ஃபேன்கிட்ட சொல்லாத. அவன்கிட்ட சொல்லு.”

ரெஜின் கார்முகிலின் பக்கம் திரும்பினான். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன் கை கோணல் இல்ல. என் அட்டைதான்.”

கார்முகிலின் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. “எனக்குக் கோவம் போவல” என்றான். “ஆனா வேல கெடக்குது. குச்சிய எடு.”

இசைப்பிரியா கயிற்றை விட்டாள். அவள் உள்ளங்கையில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. ரெஜின் அட்டையைத் தானே எடுத்து, தங்க எழுத்துகள் டப்பாவில் படும்படி கவிழ்த்து வைத்து, ஷைனியிடம் துளை போடச் சொன்னான். அதற்குப் பிறகு செய்த கார்கள் வகுப்பின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நேராக ஓடின.

மறுநாள் கண்காட்சியில் கூட்டம் நெரிந்தது. கார்முகில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஒன்றாம் வகுப்பு வரிசையில் நின்றது. முதலில் வந்த பல் விழுந்த பையனுக்கு, அவன் கண் முன்னாலேயே ஒரு கார் தயாராகிக்கொண்டிருந்தது. வந்திருந்த பெற்றோர்களிடம் ரெஜின் தறியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

திடீரென்று மணி அடித்தது.

எல்லோரும் திரும்பினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது கார்முகில்.

ரெஜின் ஓடி வந்தான். “யா...” என்று தொடங்கிய வாய் அப்படியே நின்றது. “ஏன்? என்னாச்சு?”

கார்முகில் அந்தக் காரை உயர்த்திக் காட்டினான். முன்கண்ணாடி காரின் வாலில் ஒட்டியிருந்தது.

கண்ணாடி ஒட்டுகிறவள் யார் என்று வகுப்புக்கே தெரியும். இசைப்பிரியாவின் காது சூடானது. மூக்கு சூடானது. இத்தனை பேருக்கு முன்னாலா மணி அடிப்பான்? ஜாடையாகச் சொன்னால் ஆகாதா? அவள் வாயைத் திறந்தாள்.

அந்தப் பல் விழுந்த பையன் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். “அக்கா, என் கார்ல டிரைவர் பின்னால பாத்துகினே ஓட்டுவாரா?”

பெற்றோர்கள் சிரித்தார்கள். பிரபாவதி டீச்சரும் சிரித்தார். இசைப்பிரியா திறந்த வாயை மூடினாள். மெதுவாகக் கண்ணாடியை உரித்தாள். மூக்கின் மேல் நேராக வைத்து, அழுத்தி ஒட்டினாள்.

“இல்லடா. இப்ப முன்னால பாத்துதான் ஓட்டுவாரு” என்று காரை அவன் கையில் கொடுத்தாள்.

பிறகு கார்முகிலைப் பார்த்து, “கயித்த வுடு, வேல கெடக்குது” என்றாள். அவன் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே கயிற்றை விட்டான்.