சத்தம் குறைக்கும் பொத்தான்

தேவிப்பிரியா ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தது மூன்று முறை தட்டும் சத்தம். கண்காட்சியின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தபோது அவள் காதில் விழுந்தது நான்கு.

மூன்று தட்டு, சற்று இடைவெளி, பிறகு ஒன்று. வெயில் ஏற ஏறத் தகரக் கூரை இப்படித்தான் அங்கங்கே நெளிந்து டக்கென்று அடிக்கும், அதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உட்சந்து ஒன்றில் லேத்துப் பட்டறையாக இருந்து மூடிப்போன கொட்டகை அது. பட்டறை போய்ப் பல வருடம் ஆகியும் தரையில் ஊறிய எண்ணெய் வாசனை போகவில்லை. சுவருக்கு வெள்ளையடித்து, குளிர்சாதனம் வைத்து, ஓவியக் கூடமாக மாற்றிய பிறகும் மழை நாளில் இரும்புத்தூள் நெடி மூக்கில் ஏறும். இன்று அந்த நெடிக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று இருந்தது. நாள்பட்ட, ஈரமான, இனிப்பும் அழுகலும் கலந்த ஒன்று. நேற்றைய காட்சியில் மிச்சமிருந்த கேக் கெட்டுப்போயிருக்கும் என்று குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தாள். கூடை காலியாக இருந்தது.

கொட்டகையின் நடுவில் அவள் செய்து வைத்திருந்தது ஒரு விருந்து. வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு தட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிறந்தநாளுக்குப் போடும் காகிதக் குல்லா. மேசையின் தலைமாட்டில், தரையில், வட்டமான மூடி ஒன்று. பார்வைக்குக் கான்கிரீட், உண்மையில் ஃபைபர், ஒரு கையால் தூக்கிவிடலாம். அதன் கீழே லேத்து இயந்திரத்தின் அஸ்திவாரத்துக்காக வெட்டிய பழைய குழி. நாலடி ஆழம், சிமெண்டுத் தரை, அதில் ஒரு ஸ்பீக்கர். வருகிறவர்கள் குல்லாவைப் போட்டுக்கொண்டு கேக் சாப்பிடுவார்கள். கீழே இருந்து தட்டும் சத்தம் கேட்கும். ஒவ்வொருவர் கைக்குப் பக்கத்திலும் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் சத்தம் குறையும். சுவரில் ஆளுயர எழுத்தில், 'இங்கே எதை வேண்டுமானாலும் தொடலாம், திறக்கலாம்' என்று எழுதியிருந்தாள்.

பத்து நாளில் அறுநூறு பேர் வந்தார்கள். ஒருவர்கூட மூடியைத் தூக்கவில்லை. எல்லோரும் பொத்தானை அமுக்கினார்கள். அமுக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 'செருப்பால் அடித்தது போல் இருந்தது, நன்றி' என்று வருகைப் புத்தகத்தில் எழுதினார்கள். குல்லாவோடு படம் எடுத்துப் போட்டார்கள். ஒரு கம்பெனிக்காரர் தங்கள் ஆண்டு விழாவுக்கு இதைக் கொண்டுவர முடியுமா, சைவக் கேக்காக இருந்தால் நல்லது என்று கேட்டார். முகத்தில் உமிழ்வதற்காகச் செய்ததை இப்படி நக்கித் தின்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவள் கதவை அறைந்து சாத்தினாள். ஆத்திரத்தில்.

ஏனென்றால் அது கதை அல்ல. அவள் அண்ணன் ஜெகன் கழிவுநீர் லாரி ஓட்டியவன். மூன்று வருடத்துக்கு முன்னால், அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், தொட்டிக்குள் சிக்கிய குழாயை எடுக்க இறங்கச் சொன்னார்கள். இறங்கினான். கூட வந்தவன் கயிறு எடுக்க வெளியே நின்ற லாரிக்குப் போனான். தொட்டிக்கு மேலே இருந்த விழாக் கூடத்தில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். நாற்றம் வருகிறது என்று யாரோ சொல்ல, மூடியை இழுத்து மூடிவிட்டார்கள். கயிறோடு வந்தவன் கத்திக் கூப்பாடு போட்டுத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்று குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தரைக்குக் கீழே யாரோ தட்டியது கூடத்தில் கேட்டதையும், பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னதையும், வேலையை விட்டுப் போகும்போது அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன்தான் அவளிடம் சொன்னார்.

அம்மா பார்வதம் மட்டும் கண்காட்சிக்கு வரவில்லை. வெள்ளானூர் வீட்டில் அழைப்பிதழைக் கையில் வாங்காமலேயே பார்வதம் சொன்னாள்:

"எம் புள்ள செத்தத கேக்கு துண்ணுகினு பாப்பாங்களா? நீ இன்னா பொண்ணுடி."

தேவி அழைப்பிதழைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரே ஒரு காட்சிதான். அதற்கு அவள் யாரை அழைத்திருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. அதே குடியிருப்பு. அதே சங்கம். அயனம்பாக்கத்துக்குப் பன்னிரண்டு அழைப்பிதழ் அனுப்பினாள், பன்னிரண்டு பேரும் வருவதாகச் சொன்னார்கள்.

மத்தியானம் எலெக்ட்ரீஷியன் துலுக்கானம் வந்தார். கக்கத்தில், குழிக்குள் இருக்கவேண்டிய ஸ்பீக்கர்.

தேவி அதையே பார்த்தாள். எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"நேத்து காலைலயே கழட்டிக்கினு போய்ட்டேன்மா. காயிலு போயிட்ச்சி. சொன்னனே, நீ பேப்பர்காராண்ட பேசிகினு இருந்த."

நேற்று சனிக்கிழமை. நேற்று ஐந்து காட்சி. அறுபது பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அவளும் மூலையில் நின்று கேட்டாள்.

இப்போதே மாட்டிவிடட்டுமா என்று துலுக்கானம் கேட்டார். வேண்டாம், அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றாள். அவர் மூக்கைச் சுளித்து, சாக்கடை ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை தேவி அசையாமல் நின்றாள். குளிர்சாதனத்தின் உறுமல், கூரையில் ஏதோ பறவை நடக்கும் நகச் சத்தம், தூரத்தில் ஆவடி பக்கம் போகும் ரயிலின் ஊதல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டாள், இதுதான் அது என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று அகப்படாதா என்று.

மேசைக்கு அடியிலிருந்து வந்தது. மூன்று. இடைவெளி. ஒன்று.

அவள் மூடியின் பக்கத்தில் போய்க் குந்தினாள். கைப்பிடியைப் பிடித்தாள். விளிம்பின் சன்னமான இடுக்கிலிருந்து அந்த வாடை குளிர்ச்சியாக விரல்மேல் பட்டது. தூக்கவேண்டியதுதான், இரண்டு கிலோகூட இருக்காது, அவளே அளவெடுத்து வார்த்த மூடி. கை வரவில்லை. அப்போது சரியாக அவள் விரலுக்குக் கீழே தட்டியது. ஃபைபர் அதிர்ந்தது.

எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை தானாக ஒரு பொத்தானைத் தேடி அமுக்கியது.

சத்தம் குறைந்தது.

ஸ்பீக்கர் அலமாரியில் இருக்கிறது. பொத்தானுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் குறைந்தது. கீழே யாரோ அதைக் கேட்டு, தொந்தரவு செய்யக் கூடாது என்று, மெதுவாகத் தட்டினார்கள். அவள் மறுபடி அமுக்கினாள். இன்னும் மெதுவாக. மறுபடி. மறுபடி. நின்றுபோனது.

வெளியே ஓடிவந்து தெருச் சாக்கடையின் சிறுபாலத்தின்மேல் உட்கார்ந்தாள். மூடியைத் தூக்காமல் பொத்தானை அமுக்கியவர்களில் தான் அறுநூற்றி ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம். ஆட்களுக்குப் போன் செய்து காட்சி இல்லை என்று சொல்லிவிடலாம். மணி நான்கு ஆகும்வரை அதையேதான் நினைத்தாள். பிறகு பயத்துக்கு அடியிலிருந்து கோபம் பொங்கி வந்தது. வரட்டும். இந்த முறை ஸ்பீக்கர் இல்லாமல் கேட்கட்டும்.

ஐந்து மணிக்கு நான்கு காரில் வந்தார்கள். செயலாளர் ஜெகதீஷ் மெலிந்த, மென்மையாகப் பேசுகிற மனிதர். ஐடி நிறுவனத்தில் பெரிய வேலை. அவர் மனைவி வர்ஷா கையில் பூங்கொத்து. அவர்களுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. பெயர்ப் பலகையைப் படித்தார்கள், சுவரைப் படித்தார்கள், ஒன்றும் உறைக்கவில்லை. எவன் சாவைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தாரோ அவன் தங்கையிடம் ஜெகதீஷ் கைகூப்பிச் சொன்னார்:

"ரொம்ப முக்கியமான விஷயம் மேடம். நம்மள மாதிரி ஆளுங்கள நாமதான் கேள்வி கேட்டுக்கணும்."

உட்கார்ந்தார்கள். குல்லாவைப் போட்டுக்கொண்டார்கள். தேவி கேக்கைப் பன்னிரண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தாள்.

முதல் தட்டும் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. இரண்டு பேர் புன்னகைத்தார்கள். வாடை எழுந்து மேசைமேல் பரவியது. வர்ஷா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இந்த வாசனையை எப்படிக் கொண்டுவந்தீர்கள், அருமை என்றார் ஒருவர். தட்டும் சத்தம் பலமானது. தட்டுகளில் கரண்டிகள் கிணுகிணுத்தன. யாரோ பொத்தானை அமுக்கினார்கள். பிறகு எல்லோரும்.

ஷட்டருக்குப் பக்கத்துச் சிறு கதவு திறந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பார்வதம் நின்றாள். ஷேர் ஆட்டோவில் வந்த புழுதி முகத்தில். கையில் போன். நேற்று யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைப் பக்கத்து வீட்டுப் பெண் காட்டியிருக்கிறாள். அம்மா மேசையில் இருந்தவர்களைப் பார்க்கவே இல்லை.

"அவன்தான்டி. கதவ அப்பிடித்தான் தட்டுவான். மூணு தட்டிட்டு நிறுத்தி, ஒண்ணு. இத்தினி பேரு உக்காந்துகினு கீறீங்க, ஒருத்தரும் தொறக்கல."

அம்மா, வேண்டாம் என்று தேவி சொன்னாள். அம்மா அதற்குள் குனிந்து, ஒரே கையால் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள். அவ்வளவு சுலபமாக.

"ஜெகா," என்று உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டாள். முகம் மலர்ந்தது. "இருடா, வரேன்."

விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள். இறங்கினாள். நாலடிக் குழி. நின்றால் மார்பு வெளியே தெரியவேண்டும்.

இடுப்பு போனது. மார்பு போனது. தோள். கழுத்து.

தேவி ஓடினாள். அம்மாவின் நரைத்த கொண்டை கறுப்பான ஏதோ ஒன்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டியபோது விரலில் ஒரு மயிர்தான் பட்டது. பிறகு அதுவும் இல்லை.

மேசையில் இருந்தவர்கள் போனை எடுத்துப் பிடித்திருந்தார்கள்.

கீழே இருந்து அம்மா அலறினாள்.

அப்படி ஒரு அலறலை தேவி கேட்டதில்லை. தொண்டை கிழிகிற அலறல். தேவீ, மூச்சு முட்டுதுடி, கைய குடுடி. வர்ஷா காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானைத் தேடினாள். அமுக்கினாள்.

அலறல் குறைந்தது.

"அமுக்காதீங்க," என்று தேவி கத்தினாள். "அது எங்கம்மா. அமுக்காதீங்க."

நன்றாக நடிக்கிறாள் என்ற நெகிழ்ச்சியோடு அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அமுக்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக. அலறல் முனகலானது.

அவள் குழிக்குள் குதித்தாள். கால் உடனே தரையில் மோதியது. சிமெண்டு. காய்ந்த, கெட்டியான சிமெண்டு. ஸ்பீக்கர் கழற்றிய கம்பி முனை இரண்டு. வேறு ஒன்றும் இல்லை. அம்மா இல்லை. குரல் மட்டும் தரைக்குக் கீழே. இன்னும் கீழே. நகத்தால் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. சிமெண்டில் சிவப்புக் கோடு விழுந்தது.

மேலே பன்னிரண்டு குல்லாக்கள் விளிம்பைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தன.

"கொஞ்சம் ஓவரா போகுது," என்றார் ஜெகதீஷ், வருத்தத்தோடு, மெல்ல. மேசைப்பக்கம் கையை நீட்டிக் கடைசியாக ஒருமுறை அமுக்கினார்.

குரல் நின்றது. பிறகு அவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.

தேவி இரண்டு கையையும் தரையில் விரித்து வைத்துக் குனிந்திருந்தாள். எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் உள்ளங்கைக்குக் கீழே யாரோ தட்டத் தட்டச் சிமெண்டு அதிர்ந்துகொண்டிருந்தது, விடாமல், இடது கைக்குக் கீழே ஒருவர், வலது கைக்குக் கீழே ஒருவர்.