பழைய மார்கெரிட்டா

நடுப்பகலில்தான் செச்செக் இத்தாலியின் ஜெனோவா நகரத்து வீடொன்றுக்குள் நுழைந்தாள். கருங்கடல் கரையில் பிடிபட்டு அடிமையாய் இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம். இது இரண்டாவது வீடு. பிறந்து ஒன்பது நாளே ஆன அவள் மகனை அன்று காலை பிடுங்கி அநாதை விடுதியில் விட்டிருந்தார்கள். இனி அவள் பால் எசமானி வியோலாந்தேயின் பிள்ளைக்கு.

"உன் பேரு என் வாயில நுழையாது. நீ மார்கெரிட்டா," என்றாள் வியோலாந்தே. "முன்னாடி இருந்தவளும் மார்கெரிட்டாதான்."

மாடி அறையில் பால் புளித்த வாடை. தொட்டில் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதன் வயிறு நிறைந்திருந்தது. உதட்டோரம் பால்.

அந்தப் பாலைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

அடுத்த மூன்று நாளும் அப்படியே. செச்செக்கின் மார்பு கல்லாய்க் கட்டி வலித்தது. சமையல்காரி சிமோனாவிடம் மட்டும் சொன்னாள்.

சிமோனா குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடி இருந்த மார்கெரிட்டாவும் உங்க ஊர்ப் பக்கந்தான். அவ பெத்ததையும் அந்த விடுதியிலதான் போட்டாங்க. செத்துப்போச்சு. சேதி வந்தப்ப இந்தப் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தா. உக்காந்தபடியே உசுர விட்டுட்டா."

"எசமானியம்மாகிட்ட சொல்லவா, அக்கா?"

"பைத்தியமா நீ? பால் வத்தினவன்னு உன்னை வித்துடுவாங்க. மயோர்க்கா தீவுக்குக் கப்பல் நிக்குது. ஏறிட்டா உம் மகனை மறந்துட வேண்டியதுதான்."

மறுநாள் மதியம், வீடே உண்ட மயக்கத்தில் கிடந்தது. செச்செக் மாடிக்குப் போனாள்.

தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பிள்ளையின் கன்னங்கள் அசைந்தன. சப், சப் என்ற ஒலி. அதன் வாயருகே எதுவுமில்லை.

தொட்டிலருகே மண்டியிட்டாள். தாய்மொழியில் கிசுகிசுத்தாள்: "அக்கா, இவனுக்கு நான் இருக்கேன். எம்புள்ளைக்குத்தான் யாருமில்ல. அங்க போயேன்."

தொட்டில் நின்றது.

பிள்ளை பசியில் வீரிட்டது. மார்பில் போட்டதும் ஆவேசமாய்க் குடித்தது. செச்செக் அழுதாள்.

ஒரு மாதம் கழித்து, விடுதிக்குப் பழந்துணி கொடுக்கப் போன சிமோனா அவளையும் கூட்டிப்போனாள்.

"இவனா?" விடுதிக்காரி சிரித்தாள். "எந்தத் தாதிகிட்டயும் வாய் வைக்க மாட்டான். ஆனா பாரு, எப்படிக் கொழுத்திருக்கான்!"

செச்செக் மகனை வாரியணைத்து மார்பைத் திறந்தாள்.

அவன் திரும்பிக்கொண்டான். அவள் தோளுக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்கண்ணு... நான்டா, அம்மா."

அவள் கைகளிலிருந்து, சில்லென்ற விரல்களால் யாரோ அவனை மெல்ல இழுத்தார்கள்.