ஏழு அச்சாணி

ஆணியில் தொங்கிய வளையம் ஆடிக்கொண்டிருந்தது.

ராவ்ஷான் அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள். உள்ளங்கை அகலத்தில் கனத்த எஃகு வளையம். கடைந்து முடித்த அச்சாணி அதற்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், போன பிறகு ஆடக் கூடாது. அதுதான் அந்தப் பட்டறையில் பரீட்சை. ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பழந்துணி அடைத்திருந்தது. வெளியே மத்தியானத்திலிருந்து புரான் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே இருக்கும் புகைபோக்கிகூடத் தெரியாத பனிப்புயல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பால் கொட்டிய மாதிரி ஒரே வெள்ளை.

கையை எடுத்தாள். வளையம் மறுபடி மெல்ல ஆடத் தொடங்கியது.

மெஷின் அதிர்வாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். லேத்துகள் மூன்றும் நின்று வெகு நேரமாகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

சுரங்க இயந்திரங்களுக்குப் பாகம் செய்யும் அந்த ஆலையில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது அவள் பொறுப்பு. புஷ், ஃபிளாஞ்சு, அச்சாணி என்று ஒவ்வொன்றாகக் கடைய வைப்பாள். இந்த முறை இரண்டே பேர். தொக்தார் முன்பு டாக்சி ஓட்டியவன், வாய்க்கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. பெரிசாத் பஜாரில் துணி விற்றவள், அவளுக்குக் கை நடுங்கும். இன்றைக்குக் கடைசிப் பாடம். அதை முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே ராவ்ஷானுக்கு உடம்பு பரபரத்தது. நாளைக் காலையில் மாப்பிள்ளை வீட்டார் அவள் மகள் இங்காருக்கு நிச்சயத் தோடு போட வருகிறார்கள். இருப்பது ஒரே பெண், அப்பா இல்லாத பெண். அம்மாவும் இல்லாமல் சபையில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?

அந்த அவசரத்தில்தான் எண்ணெய் விஷயத்தில் கோட்டைவிட்டாள்.

கடைந்த அச்சாணியை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால்தான் இரும்பு இறுகும். முக்குகிற எண்ணெயோ குளிரில் அல்வா மாதிரி உறைந்து கிடந்தது. தொக்தார் கேன்டீனுக்கு ஓடிப் போய் ஒரு கேன் சூரியகாந்தி எண்ணெய் கொண்டுவந்தான். “எல்லாம் எண்ணெய்தானேக்கா” என்றான். இவளும் சரி என்றாள். செக்கச் சிவந்த அச்சாணிகளை ஒவ்வொன்றாகக் குறட்டில் பிடித்து இறக்கினார்கள். சொய்ங் என்று புகை எழுந்து, பட்டறை முழுக்கக் காய்ந்த எண்ணெய் வாசனை கமகமவென்று நிறைந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எந்த வீட்டுக்குப் போனாலும் இதே வாசனைதான். ஏழு ரொட்டி எண்ணெயில் பொரித்து, செத்துப்போனவர்கள் பெயரைச் சொல்லி ஓதுவார்கள். ரொட்டி உயிரோடு இருப்பவர்களுக்கு, வாசனை செத்துப்போனவர்களுக்கு.

தொக்தார் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அக்கா, ஏழு ரொட்டி சுட்டாச்சு. யாரு பேருக்கு ஓதப் போறீங்க?”

ராவ்ஷானின் நரம்பில்லாத நாக்கு சும்மா இருக்குமா? “கென்ரிக் அண்ணனுக்குத்தான். பாவம், அந்த மனுஷனுக்கு யாரு சுட்டாங்க? அவருக்கும், அவரை மாதிரி நாதியத்துப் போனவங்க எல்லாருக்கும்.”

“எல்லாருக்குமா? இந்த ஊர்லயா?” தொக்தார் பூட்ஸால் தரையைத் தட்டினான். “ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டினப்ப மண்வெட்டிக்கு மண்வெட்டி எலும்பா வந்துச்சாம். எங்கப்பா சொல்வாரு.”

“வாய மூடு தம்பி.”

ரயில் ரயிலாகக் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிக் கட்டிய ஊர் அது. அதைப் பற்றி அங்கே யாரும் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதில்லை.

கென்ரிக் அந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஜெர்மன்காரர். ராவ்ஷானுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். பிள்ளைகள் எல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட, ஒண்டியாக இருந்து, இதே பட்டறையில் மூன்றாவது லேத்தின் மேல் சாய்ந்தபடி செத்துப்போனார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நாளில் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். அச்சாணி வளையத்துக்குள் போனால் அந்த ஆளை மட்டும் வெளியே விடுவார். போகாவிட்டால் அதைக் கழிவுப் பெட்டியில் எறிந்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். இன்னொண்ணு.

அவர் போனதும் ராவ்ஷான் செய்த முதல் காரியம், அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்ததுதான். ஓட்டையில் தகரம் வைத்து அடைத்தாள்.

“கேன்டீனுக்குப் போயிடலாம். பனி தள்ளுற வண்டி வந்தா அதுல தொத்திக்கலாம்” என்று சொல்லிக் கதவை இழுத்தாள்.

வரவில்லை.

“பனி அடைச்சிருக்கும்க்கா” என்றாள் பெரிசாத்.

உள்பக்கம் திறக்கிற கதவு. பனி எப்படி அடைக்கும்? மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். அப்போதுதான் ராவ்ஷான் தகரத்தைக் கவனித்தாள். அது தரையில் கிடந்தது. ஓட்டையில் பூட்டு இருந்தது. புதுசு போல எண்ணெய் மினுங்கியது.

பின்னால் கடாங் என்று சத்தம்.

தட்டில் இருந்த அச்சாணி ஒன்று கழிவுப் பெட்டியில் கிடந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தட்டிலிருந்து எழும்பி, ஆணியில் தொங்கிய வளையத்தில் முட்டி, நுழையாமல் போய் விழுந்தது. அப்புறம் அடுத்தது. முக்கினால் இரும்பு மயிரிழை பருக்கும், ஒன்றும் நுழையாது என்று ராவ்ஷானுக்குத் தெரியும். ஏழும் விழுந்தன. மூன்றாவது லேத்தின் விளக்கு தானாக எரிந்தது.

“இன்னொண்ணு.”

பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி இருந்தது. கென்ரிக்கின் புகையிலை நாற்றம்கூட வந்தது.

தொக்தார் ஒரு கம்பியை எடுத்து லேத்தில் மாட்டினான். வாயாடியே தவிர வேலையில் கை சுத்தம். அவன் கடைந்த அச்சாணி வளையத்துக்குள் வழுக்கென்று போனது. பூட்டு திரும்பியது. கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தது.

“ஆள் கூட்டியாரேன்க்கா” என்று அவன் பாய்ந்தான். பெரிசாத்தும் பின்னாலேயே பாய்ந்தாள். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அவளுடைய கையுறை இடுக்கில் மாட்டிக்கொண்டு தொங்கியது. உள்ளே விரல் இல்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

பெரிசாத் கடைந்தாள். கடாங். இன்னொண்ணு. மறுபடி கடைந்தாள். கடாங். வெளியே தொக்தார் குரல் இல்லை, காற்றின் இரைச்சலும் இல்லை. புயல் ஓய்ந்துவிட்டதா? ஜன்னலில் வெள்ளை அப்படியேதான் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை. ராவ்ஷான் பெரிசாத்தின் முதுகோடு ஒட்டி நின்று, “என்னைப் பாக்காத, உளியைப் பாரு. மூச்சை விடு. ம், இப்ப தொடு” என்றாள்.

இரும்புச் சீவல் அறுபடாத ஒரே நாடாவாகச் சுருண்டு இறங்கியது. அச்சாணி போனது. பூட்டு திரும்பியது.

“நீங்கக்கா?”

“சொல்லிக்கொடுக்குறவளுக்கு எத்தனை நேரம் ஆகும்? போ. இங்கார்கிட்ட மாவு பெசஞ்சு வெக்கச் சொல்லு. அம்மா வந்துடுவான்னு சொல்லு.”

பெரிசாத் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ராவ்ஷான் கம்பியை மாட்டினாள். மகள் காதில் தோடு ஏறுவதை மட்டும் நினைத்தாள். உளி தொட்டது. கடைந்தாள். துடைத்தாள். வளையத்தில் வைத்தாள்.

போனது.

பூட்டு திரும்பியது. கதவு இந்த முறை முழுசாகத் திறந்தது. அவள் சால்வையை அள்ளிக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்றுவிட்டாள்.

காற்று இல்லை. பனி அந்தரத்தில் அப்படியே நின்றது. வாசலில் ஒருவன் நின்றான். பஞ்சு பிதுங்கிய கிழிந்த கைதிக் கோட்டு. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்திருந்தான். உடம்பெல்லாம் மண். குழியிலிருந்து எழுந்து வந்த ஈரம் இன்னும் காயாத மண். மூக்கு மட்டும் அசைந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் பின்னால் இன்னொருவன். அவன் பின்னால் ஒரு பெண். அவள் பின்னால்.

நாதியத்துப் போனவங்க எல்லாருக்கும் என்று சொன்னது யார்? அவள்தானே சொன்னாள்.

அவளுடைய மேலங்கிப் பையில் ஏதோ கனமாக விழுந்தது. சில்லென்றிருந்தது. கென்ரிக்கின் சாவி, இனி அவளுடையது. புகையிலை நாற்றம் அவள் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. வரிசை அதற்கு ஒதுங்கி வழிவிட்டது. பனியில் காலடிகள் மட்டும் பதிந்து பதிந்து, ஊர்ப் பக்கமாகப் போய் மறைந்தன.

முதலில் நின்றவன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். கடையாத இரும்புக் கம்பி ஒன்றை, பரீட்சைக்கு வந்தவன் போல, இரண்டு கைகளாலும் மரியாதையாக அவளிடம் நீட்டினான். அவனுக்குப் பின்னால் வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது. ஆலை வாசலுக்கும் அப்பால், வெள்ளையில் கண் போகிற தூரம் வரை, ஒவ்வொரு கையிலும் ஒரு கம்பி.

ஆணியில் வளையம் ஆடிக்கொண்டிருந்தது.