இரண்டாம் வரிசை

பழைய சினிமா கேமராவின் சாவியை முழுதாகச் சுற்றிவிட்டால் அரை நிமிடம் ஓடும். அதற்கு மேல் ஓடாது. போன ஞாயிற்றுக்கிழமை, ஃபிலிம் சுருளைத் திருப்பிப் போட்டு, பட்டையின் மறுபாதியில் இரண்டாம் வரிசை எடுக்க அவன் விரலை அழுத்தியபோது மட்டும் அது நிற்கவே இல்லை. வீட்டு நடையில் நின்ற அவன் மகள் குட்டி சலித்துப்போய் ஓடிவிட்டாள். விரலை எடுத்தான். அப்போதும் ஆளில்லாத நடையையும், கடைசியில் இருந்த சாமான் அறையின் மூடிய கதவையும் பார்த்தபடி, சுருள் தீரும்வரை அது கிர்ரென்று ஓடியது.

"ஸ்பிரிங் லூசாயிருக்கும். உன் மூளை மாதிரி," என்றார் மச்சான்.

அவன் வீடு இடிக்கிறவன். அப்படி ஒரு வீட்டுப் பரணில்தான் கேமராவும் பிரிக்காத கலர் சுருளும் கிடைத்தன. டப்பாவில் அச்சடித்திருந்த தேதி தாண்டி முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. மச்சான், அவன் மனைவியின் அண்ணன், கலர் லேபில் காலமெல்லாம் மருந்துத் தண்ணீரில் கை வெந்தவர். டப்பாவை மோந்து பார்த்தார்.

"செத்த எலி வாசம் வருது மாப்ளே. கழுவிப் பாப்போம். கலர் வந்தா உன் பொண்ணு, வரலன்னா ஏதாவது பேய்."

இன்று மதியம், மனைவி வேலைக்குப் போனபின், பாத்ரூம் கதவில் இரண்டு போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். இறுகிப்போன மருந்து டப்பாவை அவனுடைய சுத்தியலால்தான் உடைக்க வேண்டியிருந்தது. தகரம் கிழித்து மச்சானின் கட்டைவிரலில் ரத்தம் கொட்ட, குட்டி தன் பாவாடையிலிருந்து மஞ்சள் நாடாவை உருவிக்கொண்டு வந்து சுற்றிவிட்டாள். "அழக்கூடாது மாமா," என்று அதட்டல் வேறு.

விளக்கை அணைத்ததும் கண்ணைத் திறப்பதும் மூடுவதும் ஒன்றாகிப்போன இருட்டு. சுருளை வாளிக்குள் அவிழ்த்துப் போட்டு, வெதுவெதுப்பான மருந்தில் அவன் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டுவதும் நிற்கக் கூடாது, எண்ணிக்கையும் தப்பக் கூடாது. இருபத்தைந்து அடிப் பட்டை விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு, உயிருள்ள ஏதோ ஒன்றின் குடலைப்போல, போகப்போகச் சூடேறுவதாகத் தோன்றியது. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தொன்று. வெளியே நடையில் குட்டியின் வெறுங்கால் சத்தம் ஓடியது. திரும்பி வந்தது. மறுபடி ஓடியது. அதன் பின்னாலேயே இன்னொரு கால். ஈரக் கால். நிதானமான கால்.

"மச்சான், யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரு வருவா? உன் வீட்டுக்குக் கடன் கேட்டுக்கூட எவனும் வரமாட்டான். எண்ணுய்யா."

எண்ணினான்.

முதல் மருந்து முடிந்து, கழுவி, விளக்கைப் போட்டு, அடுத்தடுத்த மருந்துகளில் முக்கி எடுத்தார்கள். கடைசியாகச் சோடாத் தண்ணீரில் தேய்த்தபோது, பட்டையின் முதுகிலிருந்த கறுப்பு மை கசடாகக் கரைந்து இருவர் முழங்கைவரை ஏறியது. பட்டையைத் துணிக்கொடியில் மடித்து மடித்துத் தொங்கவிட்டார் மச்சான். நிறமெல்லாம் கெட்டிருந்தது. எங்கு பார்த்தாலும் சிவப்பு. ஈரல் சிவப்பு.

"காயட்டும். நான் குட்டிக்குப் பால் சுட வச்சுக் குடுத்துட்டு வர்றேன்," என்று போர்வையை விலக்கிக்கொண்டு போனார்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தான். ஒரே பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை. முதல் வரிசையை மேலிருந்து கீழே பார்த்தான்: மனைவி தலை வாருகிறாள், குட்டி நாக்கை நீட்டுகிறாள். இரண்டாம் வரிசையில் படங்கள் தலைகீழாக நின்றன. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அதையும் மேலிருந்து கீழே பார்த்தான்.

நடை. குட்டி முகத்தை இந்தப் பக்கம் வைத்தபடி, வாய் பிளந்து அழுகிறாள். பின்னோக்கியே போகிறாள். பின்னால் மச்சான்.

இதை அவன் எடுக்கவில்லை.

மச்சான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கட்டைவிரலில் ஏதோ சுற்றியிருக்கிறது. கண்ணாடியை நெருக்கினான். நாடா. முடிச்சின் இரண்டு காதுகளும் தெரிந்தன. சுருள் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நாடா கட்டியது இன்று.

பட்டையில் இன்னும் கீழே பார்த்தான். சாமான் அறைக் கதவு திறந்திருக்கிறது. குட்டி பாதி உள்ளே. அவளுடைய இன்னொரு கையைச் சுற்றி நீளமாக ஒரு கறை. பூஞ்சையாக இருக்கும். அதற்கும் கீழே, குட்டி முழுசாக இருட்டுக்குள். அதற்கும் கீழே, கதவு மூடியிருக்கிறது. மச்சான் மட்டும். தாழ்ப்பாளில் கை.

வெளியே குட்டி அலறினாள்.

சுத்தியலை எடுத்தது அவனுக்கு நினைவில்லை. போர்வைகள் ஆணியோடு கிழிந்தன. நடையில் பால் கொட்டிக்கிடந்தது. கடைசியில், மூடிய கதவின் முன்னால் மச்சான். தாழ்ப்பாளில் கை. மஞ்சள் நாடா.

"மாப்ளே, சீக்கிரம் வா, இது..."

சுவர் இடிக்கிற கை அது. எங்கே அடித்தால் விழும் என்று தெரிந்த கை. முதல் அடியில் காதுக்கு மேலே மண்டையோடு உள்வாங்கியது. மச்சான் கதவோடு சரிந்தார். இரண்டாவது அடி தாடையில். பற்கள் தரையில் சிதறின. மூன்றாவது அடியில் சுத்தியல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. காலை ஊன்றி இழுத்தான்.

"எம் பொண்ண உள்ள வச்சு என்னய்யா பண்ணே?"

மச்சானின் ஒரு கண்தான் பார்த்தது. உதட்டில் ரத்தம் குமிழ்விட்டது.

"தொறக்கத்தான்... வந்தேன். கூப்ட்டா. இழு... கைய இழு..."

குமிழ் உடைந்தது. மறுபடி வரவில்லை.

திறக்க.

அவனுக்குள் அந்தப் பட்டை கீழிருந்து மேலே ஓடியது. தலைகீழாக நின்ற வரிசை. சுருளைத் திருப்பிப் போட்டு எடுத்த வரிசை. அதன் தொடக்கம் அடியில். கீழேயிருந்துதான் படிக்க வேண்டும். மூடிய கதவு. மச்சான் திறக்கிறார். இருட்டுக்குள் கை விடுகிறார். மணிக்கட்டைப் பிடிக்கிறார். இன்னொரு கையை அந்தக் கறை விடமாட்டேன் என்கிறது. மச்சான் இழுக்கிறார். குட்டி வெளியே வருகிறாள். அழுதுகொண்டே முன்னோக்கி ஓடி வருகிறாள். அப்பாவிடம்.

"அப்பா!"

கதவுக்குப் பின்னால்தான். மிக அருகில்.

"வந்துட்டேன் கண்ணு! இதோ..."

தாழ்ப்பாளைப் பிடித்தான். ரத்தம் வழுக்கியது. சட்டையில் துடைத்துப் பிடித்தான். சட்டையும் ரத்தம். தோளால் இடித்தான். மச்சானின் உடம்பு கதவை முட்டிக்கொண்டு கிடந்தது. காலைப் பிடித்து இழுத்தான். மறுபடி இடித்தான். எத்தனையோ கதவுகளை உடைத்த தோள். அசையவில்லை.

"அப்பா, இது என் கைய..."

சத்தம் நின்றது.

கதவுக்கடியில் இரண்டு விரல் உயர இடைவெளி. அதன் வழியாகக் குட்டியின் நான்கு விரல்கள் வெளியே வந்து தரையைப் பற்றின. நகங்கள் வெளுத்திருந்தன. குப்புற விழுந்து அவற்றைப் பிடித்தான். சூடாக இருந்தன. பிடித்துக்கொண்டான்.

இருட்டிலிருந்து வேறு விரல்கள் வந்தன. நீளமானவை. ஈரமானவை. அவசரமே இல்லாமல், அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கின.