இடது ஓரத்து முதுகு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த நாச்சியப்பனின் அலுவலகத்துக்குள் ஜெயராஜ் நுழைந்தபோது, அவன் சட்டையில் ரத்தம் காய்ந்துபோயிருந்தது. அது அவனுடைய ரத்தம் அல்ல, அவன் நண்பன் ராதாகிருஷ்ணனுடையது. கையில் ஒரு பெரிய படத்தை வைத்திருந்தான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். படத்தை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

நாச்சியப்பன் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவர் மனைவியின் தம்பி சோலையப்பன் அவருக்குத் துணை. சோலையப்பன் நோட்டமிட்டது ரத்தத்தை. நாச்சியப்பன் பார்த்தது படத்தை.

"நான் எடுத்த படம் அண்ணே. இதப் பார்த்துட்டுத்தான் கூட வேலை செய்யிறவனுங்க ராதாவ அடிச்சாங்க. தாடை உடைஞ்சு போச்சு. இப்போ ஆஸ்பத்திரியில கால் விலங்கோட கிடக்கான், அவன் மேல கொலைக் கேசு. தூக்குதான்னு சொல்றாங்க" என்றான் ஜெயராஜ்.

அவன் கிள்ளானில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். அங்கே லோரி கொட்டகை நடத்திய ரெங்கசாமி, 1984 தீபாவளிக்குத் தன் லோரிகளையும் டிரைவர்களையும் ஒரே படத்தில் சேர்த்துக் காலண்டர் போட ஆசைப்பட்டார். கொட்டகை வாசலோ குறுகல். நாலடி பின்னால் போனால் பெரிய வாய்க்கால். ஜெயராஜிடம் இருந்த பழைய லென்ஸில் இரண்டு லோரிக்கு மேல் அடங்காது. அதனால் மனசைத் தேற்றிக்கொண்டு, அகலமாகப் பிடிக்கும் ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கத் துணிந்தான். ரெங்கசாமியிடம் டிரைவராக இருந்த ராதாகிருஷ்ணன்தான் தன் லோரியிலேயே அவனைக் கோலாலம்பூர் பத்து ரோட்டுக் கடைக்கு அழைத்துப் போனான்.

லென்ஸோடு பில்டர், வெயில் மறைக்கும் ஹூட், புதுப் பை எல்லாம் வாங்கினார்கள். லென்ஸின் முகம் டீ கிளாஸ் வைக்கும் தட்டு அளவு இருந்தது. அதன் மூடியும் அப்படியே. பழைய லென்ஸ் மூடி மாதிரி சட்டைப் பையில் போட முடியாது. ராதாகிருஷ்ணன் கடையிலேயே கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்து, இந்தக் கோடிச் சுவரிலிருந்து அந்தக் கோடிச் சுவர் வரை தெரிகிறதே என்று சிறுபிள்ளை போலச் சிரித்தானாம். ஓரத்தில் ஆளை நிறுத்தாதே என்று கடை முதலாளியான தவுக்கே மலாயில் சொன்னார். ஓரத்தில் வெளிச்சம் குறையும் போல என்று நினைத்து, ஜெயராஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, ரெங்கசாமியைத் தவிர எல்லாரும் புதுக் காக்கிச் சட்டையில் இருந்தார்கள். அந்தத் துணியில் ரெங்கசாமிக்கும், டிரைவர்களுக்கும், கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்த அவர் அக்காள் மகன் விஜயனுக்கும் மட்டுமே தைத்திருந்தது. ஜெயராஜ் லென்ஸை மாட்டும்போது, ரெங்கசாமி பின்னறையில் விஜயனைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே கேட்டது. அவர் மகள் சீதாலெட்சுமியை அவன் சினிமாவுக்குக் கூட்டிப்போனதாகக் கோபம். பிறகு விஜயன் வெளியே வந்து ஜெயராஜின் முதுகுக்குப் பின்னால் நின்றான். ரெங்கசாமி வாசலில் தலைகாட்டி, சட்டை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ராதாகிருஷ்ணன் வயிற்றுக்கடுப்பு என்று கக்கூஸுக்குப் போயிருந்தான். மற்ற டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். ஜெயராஜ் சும்மா இருக்காமல் கறுப்பு வெள்ளையில் சில படம் எடுத்துப் பார்த்தான்.

ரெங்கசாமி வரவேயில்லை. போய்ப் பார்த்தபோது மண்டை பிளந்து கிடந்தார். டயர் கழற்றும் ஸ்பானர் அவர் மேலேயே கிடந்தது. தரையெல்லாம் ரத்தம். புதுச் சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்திருந்தது.

அன்று மாலை ஜெயராஜ் படத்தைக் கழுவிக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். போலீஸ் கைக்குப் போகும் முன்பே டிரைவர்கள் அதைப் பிடுங்கிப் பார்த்தார்கள். இடது ஓரத்தில், டிரைவர்கள் வரிசைக்குப் பின்னால் குழாயடிச் சுவரோரமாக, காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் குனிந்தபடி பின்னறைப் பக்கம் போகிறான். தொடையோடு ஒட்டி ஸ்பானர். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அகலமான முதுகு. கொட்டகையில் அப்படிப் பருமனானவன் ராதாகிருஷ்ணன் ஒருவன்தான்.

"பெல்ட்டாலயும் கட்டையாலயும் அடிச்சாங்க அண்ணே. கூடச் சாப்பிட்டவனுங்க. நான் குறுக்க விழுந்தேன், இழுத்துப் போட்டுட்டாங்க."

சோலையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், எவனோ சட்டைக்குள்ள சாக்கைத் திணிச்சுக்கிட்டுப் போயிருக்கான். ராதாகிருஷ்ணன மாட்டிவிடத்தான்."

"முதுகுதான் படத்துல விழும்னு அவனுக்கு முன்னாடியே தெரியுமா, சோலை?" என்று கேட்டுவிட்டு, நாச்சியப்பன் பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் முதுகைப் பார்க்கவில்லை. குழாயடியில் இருந்த குடத்தை வெகுநேரம் பார்த்தார். அந்தக் குடம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கும் என்றான் ஜெயராஜ். அது நசுங்கின குடமா என்று கேட்டார். இல்லையே, நல்ல உருண்டைக் குடம் என்றான் ஜெயராஜ்.

"அப்போ கிள்ளானுக்குப் போவோம். லென்ஸ், மூடி, பை எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. நான் பேசும்போது நீங்க வாயே திறக்கக்கூடாது."

மறுநாள் பகலில் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். கிள்ளானிலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் புரியும். நாச்சியப்பனுடைய பழைய பழக்கத்துக்காகத்தான் வந்தார். டிரைவர்கள் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். விஜயன், அளவான உடம்புக்காரன், தூணில் சாய்ந்து நின்றான்.

நாச்சியப்பன் ஜெயராஜை அன்று நின்ற இடத்திலேயே நிற்கவைத்து, கேமராவை அதே திசையில் திருப்பச் சொன்னார். ஒல்லியான சோலையப்பனைக் குழாயடிக்கு அனுப்பி நிறுத்தினார். பிறகு இன்ஸ்பெக்டரைக் கேமராவில் பார்க்கச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். கேமராவிலிருந்து தலையை எடுத்துச் சோலையப்பனை நேரில் பார்த்தார். மறுபடியும் கண்ணை வைத்தார்.

"சதை போட்ட மாதிரி தெரியிறாரு" என்றார்.

"குடத்தையும் பாருங்க, துவான். நேர்ல உருண்டை. படத்துல பூசணிக்காய் மாதிரி பக்கவாட்டுல விரிஞ்சிருக்கு. இந்த லென்ஸ் அகலமா பிடிக்கும், ஆனா ஓரத்துல இருக்கிறத இழுத்துடும். தவுக்கே இதத்தான் சொல்லியிருக்காரு. குடம் நசுங்கலன்னா முதுகும் அவ்வளவு அகலமில்ல. படத்துல இருக்கிறது குண்டன் இல்ல, சாதாரண உடம்புக்காரன். ராதாகிருஷ்ணன் அங்க போயிருந்தா, குடத்தையே மறைச்சிருப்பாரு."

ஜெயராஜ் லென்ஸைப் பார்த்தான். தான் ஆசைப்பட்டு வாங்கிய கண்ணாடி நண்பனைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறது. அதை அவன் கையாலேயே கழுவிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

நாச்சியப்பன் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். கொலைகாரன் குழாயடியோரமாகப் போனதே, அங்கே போனால் படத்தில் விழமாட்டோம் என்று நம்பியதால்தான். பழைய லென்ஸாக இருந்தால் விழுந்திருக்கவும் மாட்டான். ஆனால் ராதாகிருஷ்ணன் இந்த லென்ஸைக் கடையிலேயே கண்ணில் வைத்துப் பார்த்தவன். சுவருக்குச் சுவர் பிடிக்கும் என்று தெரிந்தவன் ஸ்பானரோடு அந்தப் பக்கம் போவானா? மற்ற டிரைவர்கள் படத்தின் நடுவிலேயே நிற்கிறார்கள். அந்தக் காக்கியில் மிச்சம் ஒரே ஒருவன்தான்.

எல்லார் கண்ணும் தூணுக்குப் போயிற்று.

"நான் இவரு பின்னாலதான் நின்னேன். போலீஸ்ல சொல்லிட்டேன்" என்றான் விஜயன்.

"சும்மாவா நின்னீங்க, தம்பி?"

"லென்ஸ் மூடியப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். எப்பவும் நான்தானே பிடிப்பேன், இவரையே கேளுங்க லா."

ஜெயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

"எவ்வளவு பெரிசு இருந்துச்சு அந்த மூடி?"

விஜயன் யோசிக்கவேயில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சின்ன வளையம் காட்டினான். நாச்சியப்பன் புதுப் பையைத் திறந்து, தட்டு அளவு மூடியை எடுத்து அவன் விரல்களுக்கு முன்னால் நீட்டினார்.

"அன்னிக்கு இருந்தது இது. இத ஜெயராஜ் யார்கிட்டயும் குடுக்கல, பையிலயே வெச்சிருந்தாரு. நீங்க காட்டுறது பழைய மூடி. புது லென்ஸ மாட்டினப்போ நீங்க உள்ள அடி வாங்கிக்கிட்டு இருந்தீங்க. வெளிய வந்தப்போ அவரோட முதுகத்தான் பார்த்தீங்க. லென்ஸ் மாறினதே உங்களுக்குத் தெரியாது."

விஜயன் வளையமாக வைத்திருந்த விரல்களைப் பிரித்தான். அடுத்த நொடி, லோரியடியில் கிடந்த ஜாக்கிக் கம்பி அவன் கையில் இருந்தது. கேமராவைக் குறிவைத்து ஓங்கி அடித்தான். ஜெயராஜ் அதை மார்போடு அணைத்துக் கையைக் குறுக்கே கொடுத்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. இரண்டாவது அடி ஓடிவந்த சோலையப்பனின் தோளில் இறங்கியது. மூன்றாவதற்குக் கம்பி ஓங்கப்பட்டபோது இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் அவனை மடக்கி, எண்ணெய்க் கசண்டு படிந்த தரையில் முகம் குப்புற அழுத்தினார்கள். மூக்கு உடைந்து ரத்தம் வழிந்தது.

"எல்லாரும் கேக்குற மாதிரி செருப்பால அடிச்சாரு" என்றான் விஜயன், தரையைப் பார்த்தபடியே. "வெளிய வந்தேன், எல்லாவனும் சிரிச்சான். அவரு முடிஞ்சதும் இவனுங்களயும் ஒவ்வொருத்தனா முடிக்கணும்னு நெனச்சேன்."

டிரைவர்கள் சிரித்தது உண்மைதான்.

கட்டுப்போட்ட கையோடு ஜெயராஜ் நாச்சியப்பனுடன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ராதாகிருஷ்ணனின் கால் விலங்கை அவிழ்த்திருந்தார்கள். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் அவனால் பேச முடியாது. ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. அவன் மனைவி வீரம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். நாச்சியப்பன் சொல்லச் சொல்ல, குடத்தையும் மூடியையும் பற்றி அவள் கேட்டுக்கொண்டாள். கடைசியில், அதெல்லாம் தெரிய வேண்டியது தனக்கல்ல, அடித்தவர்களுக்குத்தான் என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து, அடித்தவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் போத்தலுமாக வார்டு வாசலில் வந்து நின்றார்கள். வீரம்மா எழுந்து வழியை மறித்தாள். ராதாகிருஷ்ணன் கையைத் தூக்கி அவளை விலகச் சொன்னான். அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் ஒவ்வொரு முகத்தையும் அவன் நிதானமாகப் பார்த்தான். ஒருவன் அழ ஆரம்பித்தான். எல்லாரையும் பார்த்து முடித்ததும், கதவைக் காட்டினான்.

பழங்களைக் கூட வைக்காமல் அவர்கள் வெளியேறினார்கள். படம் எடுத்த தானும் அவர்களில் ஒருவன்தானே என்று நினைத்து, ஜெயராஜும் எழுந்து கதவை நோக்கித் திரும்பினான்.

ராதாகிருஷ்ணனின் கை நீண்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. தூங்கிப்போகும் வரைக்கும் அது விடவில்லை.