தட்டியும் திறக்காத கதவு

"என் புருஷன் இருட்டறையில பயந்து செத்துட்டார்னு ஊரே சிரிக்குது சார். அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. அதை நிரூபிச்சுக் கொடுங்க" என்றாள் எஞ்சினியரின் மனைவி.

துப்பறிவாளரின் உதவியாளனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வந்தது சும்மா இல்லை. அவள் சொல்லி முடிக்கும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டான்.

மேசானிக் என்ற ரகசியச் சங்கத்தின் கட்டடம் நூறு வருஷம் பழையது. ரகசியம் வெளியே கசியக் கூடாதென்று ஜன்னலே வைக்காமல் கட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர வருபவரைக் கண்ணைக் கட்டி, தூசு மண்டிய ஒரு கறுப்பு அறையில் தனியே உட்கார வைப்பது வழக்கம். ஆஸ்துமாக்காரரான எஞ்சினியர் அங்கேதான் செத்துக் கிடந்தார்.

"உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. அதனால இன்ஹேலரை வாங்கி வெச்சேன்" என்றார் கதவுக் காவலர். "அவர் சங்கத்துத் தட்டு தட்டினார். ரெண்டு சேர்த்து, ஒண்ணு தள்ளி. உள்ளே எல்லாம் சரின்னு அர்த்தம். பதிலுக்கு நானும் அப்படியே தட்டணும், திறக்கக் கூடாது. அவர் திரும்பத் திரும்பத் தட்டினார். நானும் தட்டினேன்."

முந்திரிக்கொட்டை காவலரின் சட்டையைப் பிடித்தான். "இந்த ஆள்தான் சார் கொலைகாரன்!" என்று கத்தினான்.

"கொஞ்சம் பொறு" என்ற துப்பறிவாளர், எஞ்சினியரின் மனைவியையும் அவளுடைய அண்ணனையும் கூடத்துக்கு வரவழைத்தார். அண்ணன் கட்டட கான்ட்ராக்டர். சங்கத்தின் பழைய உறுப்பினர்.

"சேர்ந்த பிறகுதான் இந்தத் தட்டைச் சொல்லித் தருவாங்க. சேராத மனுஷனுக்கு எப்படித் தெரிஞ்சது? மூச்சு முட்டினவர் கண்டபடி இடிச்சிருந்தா கதவு திறந்திருக்கும். உறுப்பினர் ஒருத்தர் வேணும்னே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கார்." துப்பறிவாளர் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க கட்டின பள்ளிக்கூடம் இடிஞ்ச கேஸ்ல அவர் உங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல இருந்தார். அவரை இங்கே சேர்த்துவிட்டதும் நீங்கதான்."

"மாப்பிள்ளைகிட்ட நான் வாயே திறக்கலை" என்றான் அண்ணன், அலட்டிக்கொள்ளாமல். "வேணும்னா என் தங்கச்சியைக் கேளுங்க."

அவள் முகம் வெளிறிப்போனது. "நீ என்கிட்ட சொன்னே அண்ணா. மூச்சு முட்டினா இப்படித் தட்டச் சொல்லு, உடனே திறப்பாங்கன்னு. அவர் மறந்துடுவாரேன்னு சாப்பாட்டு மேஜையில தட்டித் தட்டி நான்தான் பழக்கினேன்."

"நல்லாவே பழக்கியிருக்கே" என்றான் அண்ணன்.

முந்திரிக்கொட்டைக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

"இவருக்கு எதிரா வேற சாட்சியே இல்லைம்மா" என்றார் துப்பறிவாளர். "இதே வார்த்தையை, புள்ளையைப் பறிகொடுத்த உங்க மாமியார் முன்னாடி, கோர்ட்டுல நின்னு சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் அவள். "கொன்னவங்கன்னு எழுதுறப்ப என் பேரை முதல்ல எழுதுங்க."