பத்து நாற்பதுக்கு ஒளியும் கடல்

தினமும் காலை பத்து நாற்பதுக்குச் சங்குமுனைக் கடல் ஒளிந்துகொண்டது. கரையோரம் பாகாகக் கிடக்கும் பச்சையை உள்ளிருந்து யாரோ இழுத்தாற்போல் அடியில் இறங்கும். மேலே வெறும் நீலம். பத்து நாற்பத்திரண்டுக்குக் 'கடற்கண்' செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும். நீரின் நிறத்தை வைத்து நுண்பாசியை அளந்து கரைகளுக்கு மதிப்பெண் போடும் கண் அது. சங்குமுனைக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு. பத்து ஐம்பத்தைந்துக்குப் பச்சை மறுபடி எழும். அதைக் கண்ணால் கண்டவர்கள் சொன்னால் செல்லாது, படம்தான் சான்று.

ஆய்வாளர் ஜெசிந்தா மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைப் பிடித்தாள். படத்தில் பச்சை தெரிந்தால் மருந்துத்தும்பி என்ற ட்ரோன்கள் பறந்துபோய் நஞ்சு தெளித்தன. மேலே நின்ற பாசி செத்தது. அமிழ்ந்த பாசி பிழைத்துப் பெருகியது. அதற்கு நேரம் சொன்னது யார்? சாயக்கழிவுக் குழாய். படத்துக்காகப் பத்து நாற்பதுக்கு அதை மூடினார்கள், கால்மணி நேரத்தில் திறந்தார்கள். தீனி நின்றால் பாசி ஒளிந்தது, தீனி வந்தால் எழுந்தது. ஏமாற்றுவதை அது நம்மிடம்தான் கற்றிருந்தது.

'தூய கடல்' விழாவன்று பத்தே முக்காலுக்கு இருபது பள்ளிப்பிள்ளைகள் நீந்துவதாக ஏற்பாடு. ஜெசிந்தாவின் மகள் ரோஸ்லினும் அதில் ஒருத்தி. தான் வேலைபார்க்கும் சாய ஆலையின் இயக்குநர் ஆளவந்தாரை ஜெசிந்தா மேடைக்குப் பின்னால் மறித்தாள்.

"சார், இந்தப் பாசி நாக்கை மரத்துப்போக வைக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு மூச்சே நின்னுரும். இன்னைக்கு ஒருநாள் குழாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"எந்தக் குழாய்?"

"நம்ம குழாய் சார்."

"காகிதத்துல இல்லாத குழாய்க்கு எப்படிம்மா உத்தரவு போடுறது? திறக்காதேன்னு சொன்னா, இருக்குன்னு ஆயிரும்ல?"

வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு. பிறகு ஆளவந்தார், "இரண்டே வார்த்தை" என்று தொடங்கி, பத்து ஐம்பத்து மூன்றுக்கு முடித்தார். ஜெசிந்தா ஓடிப்போய் வரிசையிலிருந்த மகளை இழுத்தாள்.

"விடும்மா, எல்லாரும் பாக்காங்க!"

ஆனால் பிள்ளைகள் முந்திக்கொண்டால் புகைப்படத்தில் பெரியவர்கள் எங்கே நிற்பது? ஆளவந்தாரும் நான்கு பிரமுகர்களும் வேட்டியை மடித்துக் கட்டி முதலில் இறங்கினார்கள். ஆளுக்கொரு கை அள்ளிக் குடித்தும் காட்டினார்கள்.

அடியிலிருந்து பச்சை எழுந்தது. சத்தமே இல்லை. முழங்காலைச் சுற்றியது, இடுப்பைச் சுற்றியது. ஆளவந்தார் ஏதோ சொல்ல வாய் திறந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் பேச்சு பாதியில் நின்றது.

மறுநாள் காலை மருத்துவமனையில் ஆளவந்தாரின் முகம் ஒரு பக்கம் தொங்கிக்கிடந்தது. மடியில் ஒரு சிலேட்டு.

"நேத்துப் படமும் நீலம்தான் சார். அதனால கடல் மேல தப்பில்லைங்காங்க. விழாவுல கேசரி கிண்டினவரைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிருக்கு" என்றாள் ஜெசிந்தா. "தள்ளிவச்ச நீச்சல் இன்னைக்குப் பத்தே முக்காலுக்கு. ரோஸ்லினை வீட்டுல பூட்டி வச்சுட்டு வந்திருக்கேன். மத்த பத்தொன்பது பிள்ளைங்க? நான் சொன்னா ஒருத்தரும் கேக்கல."

அவர் சிலேட்டில் எழுதினார்: 'குழாயைத் திறக்காதே. என் உத்தரவு.'

அவள் குழாய்க் காவலர் இசக்கிமுத்துவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணாச்சி, டைரக்டர் உத்தரவு. குழாயைத் திறக்காதீங்க."

"எந்தக் குழாய்மா?"

"விளையாடாதீங்க அண்ணாச்சி, பிள்ளைங்க இறங்கப் போகுது!"

"என்னை நிக்க வச்சுப் பத்துத் தடவை சொல்லச் சொன்னாருல்லா. யார் கேட்டாலும், அவரே கேட்டாலும், இங்க குழாய் கிடையாது."

ஆளவந்தார் கத்தினார். காற்றுதான் வந்தது.

மணி பத்து நாற்பது. ஜன்னலுக்கு வெளியே கடலில் பச்சை மெல்ல அமிழ்ந்தது. நீலக் கரையிலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது:

"பிள்ளைகள் இறங்குமுன், நம் இயக்குநர் நலம்பெற வேண்டி, இரண்டே வார்த்தை..."